பெட்ரோல் மோட்டார்ஹோம் கட்டுவோருக்கு: சேஸிஸின் மேல் நீங்கள் ஏற்றும் எடை குறித்து ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து எல்க்கார்ட் வட்டாரத்திலும் அயோவாவின் ஃபாரஸ்ட் சிட்டியிலும் பெட்ரோல் மோட்டார்ஹோம்களைக் கட்டும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

பெட்ரோலில் ஓடும் ‘கிளாஸ் ஏ’ மோட்டார்ஹோம் (சேஸிஸ் எனும், சக்கரமும் இயந்திரமும் கொண்ட அடிச்சட்டத்தின் மேல் பேருந்து வடிவில் கட்டிய நடமாடும் வீடு) வைத்திருப்பவர்களிடம் வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே மாதிரியான குறைகளையே சொல்வார்கள். கான்கிரீட் நெடுஞ்சாலையின் ஒவ்வொரு இணைப்பிலும் முன்பக்கம் தூக்கிப்போடுகிறது. பெரிய லாரி ஒன்று முந்திச் செல்லும்போது வால்பகுதி தள்ளப்பட்டு வண்டியே பக்கவாட்டில் அலைகிறது. நேரான சாலையில்கூட ஸ்டீயரிங்கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இதை விற்பனையாளரிடம் கொண்டுபோனால், ‘அடியில் இருப்பது லாரி சேஸிஸ், அப்படித்தான் இருக்கும்’ என்ற விடையே கிடைக்கிறது. அந்த விடை பாதி உண்மைதான். மீதிப் பாதி உங்கள் பட்டறையில் முடிவாகிறது என்பதால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

இன்று உங்களில் ஏறத்தாழ அனைவரும் வாங்கிக் கட்டுவது ஃபோர்டு நிறுவனத்தின் எஃப்-53 சேஸிஸைத்தான். ஜெனரல் மோட்டார்ஸின் பழைய பி வரிசைச் சேஸிஸ்களை எடுத்து நடத்திய வொர்க்ஹார்ஸ் நிறுவனத்தை 2005இல் நாவிஸ்டார் வாங்கியது. சில ஆண்டுகளில் அந்தச் சேஸிஸ்களின் உற்பத்தியும் நின்றுபோனது. அதன்பின் பெட்ரோல் பிரிவில் வாங்குபவருக்குத் தேர்வு என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. எஃப்-53இல் முன்னும் பின்னும் ஒரே தண்டான திட அச்சு. இரண்டையும் தாங்குவது ஸ்பிரிங் பட்டைகள். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மறுசக்கரமும் அதை உணரும் அமைப்பு இது. அடுக்கிய பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று உராய்வதால் சிறிய அதிர்வுகளில் அவை வளைந்துகொடுக்கத் தயங்குகின்றன. அந்த அதிர்வு நேராக ஓட்டுநரின் இருக்கைக்கு வந்து சேர்கிறது. இவை சேஸிஸோடு வரும் இயல்புகள், இவற்றுக்கு உங்களைப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் அந்தப் பட்டைகள் மீது எவ்வளவு எடை, எந்த இடத்தில் அமர வேண்டும் என்பதை முடிவு செய்பவர்கள் நீங்களே.

எஃப்-53 ஏறத்தாழ 16,000 பவுண்டிலிருந்து 26,000 பவுண்டு வரையிலான மொத்த எடைத் தகுதிகளில் (வண்டியும் சுமையும் சேர்ந்து தாண்டக் கூடாத எடை) கிடைக்கிறது. ஸ்பிரிங்கின் விறைப்பு, அச்சு தாங்க வேண்டிய உச்ச எடைக்கு ஏற்ப அமைவது. உயர்ந்த தகுதியுள்ள சேஸிஸின் மேல் இலேசான கூண்டைக் கட்டினால், பட்டைகள் தமக்குரிய சுமையை ஒருபோதும் சந்திக்காமல் வண்டி கட்டைவண்டிபோலக் குலுங்கும். குறைந்த தகுதியுள்ள சேஸிஸில் பக்கவாட்டில் நீளும் அறைகளையும் கல்மேடைச் சமையலறையையும் ஏற்றினால், பட்டைகள் அமுங்கி, ஒவ்வொரு மேட்டிலும் ரப்பர்த் தடுப்பில் போய் இடிக்கும். இவ்விரண்டு தவறுகளையும் ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு மாடல்களில் காண முடிகிறது.

இதைவிட முக்கியமானது பின்சக்கரத்துக்கு அப்பால் நீளும் வால்பகுதி. சக்கர இடைவெளி, அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம், 190 அங்குலமாகவும் மொத்த நீளம் 32 அடியாகவும் இருந்தால் இடைவெளி நீளத்தில் பாதிகூட வராது. 242 அங்குலச் சேஸிஸில் 36 அடி வண்டி கட்டினால் அது 56 விழுக்காட்டைத் தொடும். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த விழுக்காட்டின் பொருள் கைகளிலேயே தெரியும். கணக்கும் அதையே சொல்கிறது. 228 அங்குலச் சக்கர இடைவெளி கொண்ட வண்டியில், பின் அச்சுக்கு 120 அங்குலம் பின்னால் உள்ள பெட்டகத்தில் 400 பவுண்டு பொருளை வைத்தால், பின் அச்சின் மீது ஏறுவது 400 பவுண்டோடு நிற்பதில்லை, சுமார் 610 பவுண்டு ஏறுகிறது. அதில் 210 பவுண்டு முன் அச்சிலிருந்து பறிக்கப்பட்ட எடை. திசையைப் பிடித்து நிறுத்த வேண்டிய சக்கரங்கள் அந்த அளவுக்கு இலேசாகின்றன. தண்ணீர் கேலனுக்கு 8.3 பவுண்டு. நன்னீர்த் தொட்டியைப் பின் அச்சுக்கு அப்பால் வைத்துக் கட்டும் ஒரு தரைத்திட்டத்தை வரைபடத்தில் அழகாக வரையலாம். அதை முந்நூறு மைல் ஓட்டிச் செல்பவரின் தோள்பட்டைக்குத்தான் அதன் விலை தெரியும்.

கூட்டாட்சி வாகனப் பாதுகாப்பு விதி 120இன்படி, பயணிகளும் சரக்கும் சேர்ந்து எந்த எடையைத் தாண்டக் கூடாது என்பதையும், தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் எவ்வளவு எடை என்பதையும் ஒவ்வொரு மோட்டார்ஹோமிலும் நீங்கள் ஒட்டியாக வேண்டும். அந்த எண்ணை அச்சிட வண்டியின் எடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்படியிருக்க, முன் அச்சின் இடப்புறம் எவ்வளவு, வலப்புறம் எவ்வளவு, பின் அச்சின் இடப்புறம் எவ்வளவு, வலப்புறம் எவ்வளவு என்ற நான்கு எண்களையும் அதே சீட்டில் சேர்த்துத் தருவதில் என்ன தடை இருக்கிறது? நீளும் அறைகளும் குளிர்பெட்டியும் ஒரே பக்கத்தில் அமைந்த வண்டிகளில் இடவலம் வேறுபாடு நூற்றுக்கணக்கான பவுண்டு இருக்கக்கூடும். வாங்குபவர் அதை அறியும் உரிமை உடையவர்.

சக்கர மூலைகளின் எடை தெரிந்தால்தான் டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதும் தெரியும். டயரின் சுவரில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் அந்த டயரின் உச்சச் சுமைக்கு உரியது. அதையே எல்லா நேரமும் நிரப்பி ஓட்டுபவர்கள் ஏராளம். அவர்களுடைய வண்டியின் கடுமையில் ஒரு பங்கு அதிகக் காற்றிலிருந்து வருகிறது. ஒவ்வோர் அச்சிலும் கனமான பக்கத்தின் எடையை எடுத்து, டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையோடு ஒப்பிட்டு, இரு பக்கமும் ஒரே அழுத்தத்தை, அட்டவணை கூறுவதற்குக் கீழே போகாமல் வைக்க வேண்டும். செலவே இல்லாத இந்தத் திருத்தத்தைப் புதிய உரிமையாளருக்குச் சொல்லிக்கொடுக்க உங்கள் கையேட்டில் ஒரு பக்கம் போதும்.

பக்கவாட்டு அலைச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின் அச்சைக் குறுக்கே பிடித்து நிறுத்தும் தனிக் கம்பி (டிராக் பார்) இல்லாத இடத்தில், ஸ்பிரிங் பட்டைகளும் அவற்றின் இணைப்பிலுள்ள புஷ்களுமே காற்றின் தள்ளுதலைத் தாங்குகின்றன. அவை சற்றே நெளிவதால்தான் வால் ஆடுகிறது. உரிமையாளர்கள் வண்டி வாங்கிய கையோடு டிராக் பார், தடித்த ஸ்டெபிலைசர் பார் (வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி), யூரித்தேன் துணைத் தாங்கிகள், வேறு ஷாக் அப்சார்பர்கள் என்று ஒவ்வொன்றாக வாங்கிப் பூட்டுகிறார்கள். பல ஆண்டுகளின் எஃப்-53இல் ஸ்டெபிலைசர் பாரின் நுனியில் இரண்டு துளைகள் இருந்தன; இணைப்பை உள்துளைக்கு மாற்றினால் நெம்புகோலின் கை குறைந்து விறைப்பு கூடும். இதற்கு உதிரிப்பாகம் எதுவும் தேவையில்லை, ஸ்பானர் இருந்தால் போதும். இவ்வளவு எளிய வேலையை உரிமையாளர்கள் தாமே கண்டுபிடித்து ஒருவருக்கொருவர் சொல்லிப் பரப்ப வேண்டிய நிலை இருந்தது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

சக்கர நேர்ப்படுத்தலையும் விட்டுவிடாதீர்கள். வெறும் சேஸிஸாக இருந்தபோது சரிபார்த்த கோணங்கள், பல டன் கூண்டு ஏறியபின் அப்படியே இருக்கும் என்று நம்ப இடமில்லை. கட்டி முடித்து, தண்ணீரும் எரிபொருளும் நிரப்பிய நிலையில் அவற்றை மீண்டும் சரிபார்த்து, அந்த அளவுகளைத் தாளில் தந்து ஒப்படையுங்கள்.

டீசல் வண்டிகளைப் போல எல்லாவற்றிலும் ஏர் சஸ்பென்ஷன் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. விலை எங்கே போய் நிற்கும் என்பது எனக்கும் தெரியும். உங்கள் இந்தியானாவிலேயே, லஃபாயெட் நகரில், பட்டைகளுக்குப் பதிலாக அமுங்கும் திரவத்தைப் பயன்படுத்தி விறைப்பைத் தானே மாற்றிக்கொள்ளும் அமைப்பை லிக்விட்ஸ்பிரிங் நிறுவனம் எஃப்-53க்கும் செய்து தருகிறது. அதை விருப்பத் தேர்வாக விலைப்பட்டியலில் சேர்க்கலாம். அடிப்படை வண்டிக்கு நான் கேட்பது இவ்வளவே: சக்கர இடைவெளி விழுக்காட்டையும் பின்நீட்சியையும் விளம்பரத் தாளில் அச்சிடுங்கள், நான்கு மூலை எடையைச் சீட்டில் தாருங்கள், கட்டிய எடைக்கு ஏற்ற ஷாக் அப்சார்பரையும் பின் டிராக் பாரையும் பட்டறையிலேயே பொருத்துங்கள். அடுத்த மாடல் ஆண்டின் தரைத்திட்டங்களை இறுதி செய்யும் முன், தொட்டி எங்கே, பெட்டகம் எங்கே என்ற கேள்வியை சஸ்பென்ஷன் பொறியாளரிடமும் கேட்டுவிட்டுக் கையொப்பமிடுங்கள்.

இப்படிக்கு,
பெட்ரோல் மோட்டார்ஹோம் உரிமையாளர் ஒருவர்