அந்த ஒலிநாடாக்களை நிறைபோட்டு விற்காதீர்கள்

வானொலி நிலையப் பணிப்பாளர் அவர்களுக்கும் களஞ்சியப் பொறுப்பதிகாரி அவர்களுக்கும்,

வணக்கம். நிலையம் நிறைபோட்டு விற்கவிருக்கும் பாவனைக்குதவாத பொருட்களின் பட்டியலில், உடைந்த கதிரைகளுக்கும் ஓடாத மின்விசிறிகளுக்கும் நடுவே, "பழைய ஒலிநாடாக்கள் – ஒரு தொகை" என்று ஒரு வரி இருக்கிறது. அந்தத் தொகை எதுவென்று உங்களுக்கும் தெரியும், திருகோணமலையில் வானொலி கேட்டு வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். வாராவாரம் செவ்வி நிகழ்ச்சி நடத்திய நமது மூத்த ஒலிபரப்பாளரின் வாழ்நாள் உழைப்பு அது. நாம் கேட்பது ஒன்றுதான்: அந்த வரியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

பகுதிநேர அறிவிப்பாளராக மரண அறிவித்தல் வாசித்துத் தொடங்கியவர் அவர். செய்தி, நாடகம் என்று வந்து கடைசியில் செவ்வியில் நிலைத்தார். ஐந்து பெரிய பற்றரி போட்ட ஊஹர் பதிவுப்பொறி தோளில் தொங்கும். அதில் ஏறுவது 5 அங்குல ஸ்பூல்; 600 அடி நாடா. செக்கனுக்கு 3¾ அங்குல வேகத்தில் ஓடவிட்டால் 32 நிமிடம் கிடைக்கும், ஆனால் குரலின் கூர்மை மழுங்கும். 7½ அங்குலத்தில் ஓடவிட்டால் குரல் தெளிவு, நேரம் 16 நிமிடம்தான். அவர் எப்போதும் 7½ இல்தான் எடுத்தார். அந்தப் பதினாறு நிமிடத்துக்குள்ளும் அவசரப்படமாட்டார். கேள்வி ஒரு வசனத்தைத் தாண்டாது. பதில் முடிந்த பிறகும் இரண்டு மூன்று செக்கன் வாய் திறக்காமல் இருப்பார். அந்த மௌனத்தில்தான் எதிரில் இருப்பவர், சொல்வதா விடுவதா என்று தயங்கிய விஷயத்தைச் சொல்லத் தொடங்குவார். பிளேடால் நாடாவை வெட்டி ஒட்டும்போது அந்த மௌனத்தில் கைவைக்க அவர் யாரையும் விட்டதில்லை.

கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவையில், ஏறித்தான் அக்கரை போகவேண்டும். பாதையில் வைத்தே அவர் எடுத்த செவ்விகளில், பேச்சுக்கு அடியில் தண்ணீர் பலகையில் மோதும் சத்தம் கேட்கும், சனம் ஆளையாள் கூப்பிடும் சத்தம் கேட்கும். பாதை இன்று இல்லை. அந்தச் சத்தம் அந்த நாடாவில் மட்டும்தான் இருக்கிறது.

இனி, களஞ்சிய அறையின் நிலைமை. கச்சான் காற்றில் அந்த அறை வெந்து கிடக்கிறது. மாரியில் சுவர் ஊறுகிறது. எழுபதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த பல நாடாக்களில் காந்தத் துகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அதை அப்படியே பொறியில் ஓட்டினால் கீச்சென்று சத்தமிடும், ஒலி பதிந்த பூச்சு உரிந்து, நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் பொறியின் தலையில் அப்பிக்கொள்ளும். போனது போனதுதான். "ஒருக்கால் போட்டுப் பார்த்தோம், ஓடவில்லை" என்று களஞ்சியத்தில் சொல்லப்படுவதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதவேண்டியிருக்கிறது. தயவுசெய்து இனி யாரும் போட்டுப் பார்க்கவேண்டாம்.

முதலில் ஸ்பூலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவினால் அது அசிற்றேற்று நாடா. வினாகிரி மணம் வந்தால் அழியத் தொடங்கிவிட்டது, தனியே எடுத்து வையுங்கள், சூடு காட்டவே கூடாது. வெளிச்சம் புகாவிட்டால் பொலியெஸ்டர். பிசுபிசுப்பது பொலியெஸ்டர் நாடா என்றால், வெப்பம் ஏறி இறங்காத அடைப்பில் 50 முதல் 55 பாகை செல்சியசில் எட்டு மணித்தியாலமாவது வைத்து, ஆறவிட்டு, சில வாரங்களுக்குள் பிரதி எடுத்துவிடவேண்டும். வீட்டு ஓவன் இதற்கு உதவாது, அதன் வெப்பம் ஒரே அளவில் நிற்பதில்லை. பழைய ஒட்டுகள் காய்ந்து கழன்றிருக்கும், புதிதாக ஒட்டவேண்டும். பிறகு ஒவ்வொரு நாடாவுக்கும் பொறியின் தலைச் சாய்வைத் திருத்தவேண்டும். இதைத் தவறவிட்டால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும்.

இடம் போதாது என்பது உங்கள் கடிதத்தில் சொன்ன காரணம். 96 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் தரத்தில் கணினியில் ஒற்றை அலைவரிசையாகப் பதிந்தால் ஒரு மணித்தியாலம் ஏறக்குறைய ஒரு கிகாபைட். கைக்குள் அடங்கும் இரண்டு டெராபைட் வன்தட்டு ஒன்றில் ஆயிரத்து எண்ணூறு மணித்தியாலத்துக்கு மேல் கொள்ளும். இரண்டு தட்டு வாங்கி, இரண்டு இடத்தில் வையுங்கள்.

அமெரிக்காவில் ஜொனி கார்சன் 1962 இலிருந்து 1992 வரை முப்பது வருடம் ஒரே பேச்சு நிகழ்ச்சியை நடத்தினார். முதல் பத்து வருட நாடாக்களில் பெரும்பகுதியை, இடமும் நாடாவும் மிச்சம் என்று அழித்துவிட்டார்கள். மீந்தவற்றைப் பின்னர் கன்சாஸ் மாநிலத்தில், பூமிக்கடியில் ஈரமில்லாத உப்புச் சுரங்கத்தில் கொண்டுபோய்ப் பாதுகாத்தார்கள். அழித்ததைக் காசு கொடுத்தும் மீட்க முடியவில்லை. 1981 இல் யாழ்ப்பாணம் பொது நூலகத்தை எரியக் கொடுத்த நமக்கு இதை இன்னொருவர் சொல்லித்தரவேண்டுமா? அன்று எரித்தவர்கள் வேறு. இன்று நம் கையாலேயே நிறைபோட்டு விற்கப் போகிறோம். கூரை பூசவும் வாசல் கட்டவும் காசு வருகிறது; அறிவிப்பாளர்களின் குரலுக்கு மட்டும் ஒரு காலமும் வருவதில்லை. பகுதிநேரம் என்ற பெயரில் வருடக்கணக்கில் வேலை வாங்கி, ஓய்வூதியமும் இல்லாமல் அனுப்பி, கடைசியில் குரலையும் கழிவென்று எழுதுகிறோம்.

மன்னிக்கவேண்டும், சொல்ல வந்ததைப் பணிவாகவே சொல்கிறோம். விற்பனையை நிறுத்துங்கள். மாரி தொடங்குவதற்கு முன் நாடாக்களைச் சீமெந்துத் தரையிலிருந்து தூக்கி, குளிரூட்டிய அறையில் நூல் அடுக்குவதுபோல நிமிர்த்தி வையுங்கள். ஒலிபெருக்கி, மின்மோட்டர் பக்கத்தில் வேண்டாம்.

இன்னும் ஒன்று. பெட்டிக்குள் அவர் கையெழுத்தில் ஒரு துண்டுத்தாள் இருக்கும்: முதற்சொல், இறுதிச்சொல், நேரம். அது இருக்கும் நாடாவை யாரும் அடையாளம் காணலாம். பல பெட்டிகளில் அந்தத் தாளைக் கறையான் தின்றுவிட்டது. அந்த நாடாக்களில் பேசுகிறவர் இறக்கக்கண்டிக்காரரா, மூதூர்க்காரரா, என்ன பெயர், எந்த வருடம் என்று குரலைக் கேட்டுச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவருக்கு நினைவு நன்றாக இருக்கிறது. காலையில் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து கேட்கச் சம்மதித்தும் இருக்கிறார். நிலையத்துக்கு வர ஒரு வாகனமும், நல்ல ஹெட்போன் ஒன்றும், எழுதிக்கொள்ள ஒரு ஆளும் ஒழுங்குசெய்து தாருங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலை வானொலி நேயர்களும் ஒலிப்பதிவுத் தொழிலாளரும்