ஆண்டறிக்கை 2024–25: வெள்ளக்கோடுகள், ஏரித் தகவல், சந்தா நிலுவை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பொதுக்குழுவில் இந்த அறிக்கையைப் படித்தபோது 31 பேர் இருந்தீர்கள். மடிப்பாக்கத்தில் நம் சங்கத்தில் இருப்பது 214 வீடு. வராதவர்களுக்காக முழுவதையும் இங்கே எழுதிப் போடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சுதந்திர தினக் கொடியேற்றம், பொங்கல் கோலப்போட்டி, கண் பரிசோதனை முகாம் எல்லாம் போன வருடம் போலவே நடந்தன. இரண்டு முறை கொசு மருந்து அடிக்கச் செய்தோம். மூன்றாவது தெருவில் ஒரு கேமரா பழுதாகி மாற்றப்பட்டது. செயற்குழு ஆறு முறை கூடியது, அதில் நான்கு முறை கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள் சேர ஒரு மணி நேரம் காத்திருந்தோம்.

இனி வெள்ளக்கோடு விஷயத்துக்கு, அதாவது வெள்ளம் ஏறிய உயரத்தைச் சுவர்களில் குறித்து வைத்த வேலைக்கு, வருகிறேன். இதைப் பற்றித்தான் முணுமுணுப்பு அதிகம். முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சமயத்தில் இரண்டே நாளில் நகரின் பல இடங்களில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. நம் கடைசித் தெருவில் ஒரு இளம் தம்பதி கைக்குழந்தையோடு வாடகைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. தண்ணீர் வாசல்படி ஏறும்போது இரவு, கரண்ட் இல்லை. கட்டில், ஃபிரிட்ஜ், சான்றிதழ்கள் எல்லாம் போயிற்று. மறுநாள் மாடி வீட்டில் உட்கார்ந்திருந்த அந்தப் பையன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சார், 2015-லயும் இந்த வீட்ல இடுப்பளவு தண்ணி வந்துச்சாமே, எங்ககிட்ட ஏன் யாருமே சொல்லல?" அவர்கள் அடுத்த மாதமே காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் மட்டுமில்லை, அந்தத் தெருவில் பத்து வருடமாக இருக்கிற நாம் யாருமே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதனால்தான் கோடு போட முடிவெடுத்தோம். 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை ஏறியதோ அங்கே நீலக்கோடு, 2023-க்குச் சிவப்புக்கோடு, பக்கத்தில் வருடம். மின்கம்பம், கோயில் மதில், பூங்காச் சுவர், அனுமதி கொடுத்தவர்களின் காம்பவுண்டுச் சுவர் என்று 37 இடம்.

கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் அளப்பதற்கு மூன்று மாதம் ஆனது. ஆளாளுக்கு "முழங்காலுக்கு மேல", "ஸ்கூட்டர் சீட் வரைக்கும்" என்றுதான் சொன்னார்கள். சாலையிலிருந்து அளக்கவும் முடியாது, ஏனென்றால் 2015-க்கு அப்புறம் நம் மெயின் சாலை இரண்டு முறை பழையதன் மேலேயே போடப்பட்டிருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டிருந்தார். எங்கெல்லாம் அது நடக்கவில்லையோ அங்கெல்லாம் சாலை உயர்ந்து வீடுகள் பள்ளமாகின்றன. சாலையிலிருந்து அளந்தால் 2015 வெள்ளமே சின்ன வெள்ளம் போலத் தெரியும். கடைசியில் பிள்ளையார் கோயில் கருங்கல் படியை நிலையான மட்டமாக வைத்துக்கொண்டு, கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் டியூப்பை வீடு வீடாக இழுத்துக்கொண்டு போய் மட்டம் பார்த்தோம். நம் பகுதிக் கொத்தனார் ஒருவர் ஒன்பது ஞாயிற்றுக்கிழமை கூலி வாங்காமல் வந்தார். சுவரில் பழைய சேற்றுக்கறை, கதவில் ஊறிய தடம், 2015-ல் எடுத்த செல்போன் படங்கள் மூன்றும் ஒத்துப்போனால்தான் கோடு.

இப்படிக் குறித்து வைப்பது புதிதில்லை. ஜப்பானில் இவாத்தே மாகாணத்தில் அனேயோஷி என்று ஒரு சின்னக் கிராமம். 1933 சுனாமிக்குப் பிறகு அங்கே மலைச்சரிவில் ஒரு கல்லை நட்டு, இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று பொறித்து வைத்தார்கள். கிராமம் அதைக் கேட்டு மேலேயே இருந்தது. 2011-ல் வந்த சுனாமி அந்தக் கல்லை எட்டாமல் கீழேயே நின்றது. நம்மால் வீட்டைப் பெயர்த்து மேட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் இன்வெர்ட்டர் பேட்டரியை எந்த உயரத்தில் வைக்கலாம், மீட்டர் பெட்டி எங்கே இருக்க வேண்டும், மோட்டார் ஸ்டார்ட்டரை எங்கே ஏற்ற வேண்டும், இதையெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்து ஒரு எலக்ட்ரீஷியன் ஐந்து நிமிடத்தில் முடிவு செய்யலாம். இந்த வருடம் 19 வீட்டில் செய்திருக்கிறார்கள்.

இரண்டாவது வேலை தண்ணீர் வரும் பாதையைத் தெரிந்துகொண்டது. அதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மழை என்றால் நாம் எல்லோரும் டிவியில் செம்பரம்பாக்கம் எத்தனை அடி என்று பார்க்கிறோம். அந்த உபரிநீர் அடையாற்றுக்குப் போகிறது. மடிப்பாக்கத்துக்கு வருகிற தண்ணீர் வேறு. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு. அந்தச் சதுப்பு நிலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் வந்து சேர்கிறது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த இடம், 2022-ல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்க்கும்போது ஏறக்குறைய 1,248 ஹெக்டேர்தான் கணக்கு. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம். இந்தப் பாதையில் எங்கே அடைபட்டாலும் தண்ணீர் நம் பக்கம்தான் தேங்கும்.

இதைத் தெரிந்துகொண்டதும் மேலே கீழ்க்கட்டளைப் பக்கம் இரண்டு சங்கம், கீழே பள்ளிக்கரணைப் பக்கம் மூன்று சங்கம், இவர்களோடு ஒரு வாட்ஸ்ஆப் குழு ஆரம்பித்தோம். ஒரே விதி: கண்ணால் பார்த்ததை மட்டும் நேரத்தோடும் படத்தோடும் போட வேண்டும், ஃபார்வர்டு கூடாது. ஏரி நிரம்பி, உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழிய ஆரம்பித்தால் மேலே இருப்பவர்கள் சொல்வார்கள், நாம் கீழே இருப்பவர்களுக்குச் சொல்வோம். சூரத்தில் 2006-ல் உகாய் அணையிலிருந்து திறந்த தண்ணீரில் நகரின் பெரும்பகுதி மூழ்கியது. அதன் பிறகு அணைக்கு எவ்வளவு நீர் வரும் என்பதை முன்கூட்டியே கணித்து நகருக்குச் சொல்லும் ஏற்பாட்டைச் செய்தார்கள். நம்மிடம் அந்த அளவு கருவியும் நிபுணர்களும் இல்லை. மேட்டில் இருப்பவன் பள்ளத்தில் இருப்பவனுக்கு நேரத்தோடு சொல்லிவிட வேண்டும் என்பதை அங்கிருந்து எடுத்துக்கொண்டோம்.

ஆகஸ்டு கூட்டத்துக்குக் கோவளம் பக்கத்திலிருந்து ஒரு மீனவ அண்ணன் வந்து பேசினார். வந்தவர்கள் 14 பேர். புயல் கரைக்கு அருகில் நிற்கும்போது கடல் ஏறி நிற்கும், அப்போது முகத்துவாரம் தண்ணீரை வாங்காது, மேலே மழை விட்ட பிறகும் இரண்டு மூன்று நாள் வடியாது என்று கையால் மணலில் வரைந்து காட்டுவது போல விளக்கினார். மிக்ஜாமில் மழை நின்றும் ஏன் வடியவில்லை என்று நாம் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் அதுதான். அந்தப் பேச்சைத் தவறவிட்ட 200 வீட்டுக்காரர்களை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

அக்டோபர் மழையிலும், நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும் குழு வேலை செய்தது. கலங்கல் படம் வந்ததும் கடைசி இரண்டு தெருவில் கதவைத் தட்டினோம். கார்கள் மேட்டுக்குப் போயின, சம்ப் மூடிகளுக்கு பிளாஸ்டிக் கட்டினோம், தரைத்தளக் கழிப்பறைகளில் கழிவுநீர் எதிர்த்து வராமல் மணல் மூட்டை வைத்தோம், படுக்கையில் இருக்கும் இரண்டு பெரியவர்களை மாடிக்கு மாற்றினோம். இந்த முறை தண்ணீர் சிவப்புக்கோட்டுக்கு வெகு கீழேயே நின்றுவிட்டது. "ஒண்ணும் வரலையே, எதுக்கு இவ்ளோ கலாட்டா?" என்று கேட்டார்கள். வராத வருடத்தில் பழகினால்தான் வருகிற வருடத்தில் கை நடுங்காமல் செய்வோம். அந்தப் புயலில் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. கொட்டியது. அந்த மழை வடக்கே நம் பக்கம் நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் 40 செ.மீ. பெய்தாலே சுமார் 89,000 லிட்டர், அதாவது கோடையில் நாம் காசு கொடுத்து வாங்கும் 12,000 லிட்டர் லாரியில் ஏழு லாரிக்கு மேல்.

இவ்வளவுக்கும் பிறகு 11 இடத்தில் கோட்டின் மேல் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். காரணம் எனக்குத் தெரியும், நேரிலேயே சொன்னார்கள்: "சார், கோடு இருந்தா வீட்டு ரேட் போயிடும், வாடகைக்கு ஆள் வராது." வங்கிக் கடன் கட்டிக்கொண்டிருப்பவருக்கு அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் கோட்டை அழித்தால் தண்ணீர் வராமல் இருக்கப்போவதில்லை, புதிதாக வருகிறவர்களுக்குத்தான் தெரியாமல் போகும். அந்தக் கைக்குழந்தை வீட்டின் சுவரிலும் கோடு அழிக்கப்பட்டிருக்கிறது. இப்போது அங்கே வேறு குடும்பம். நான் போய்ச் சொல்லிவிட்டேன், வீட்டுக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

பெயிண்டுக்குச் சங்கப் பணத்தைக் கொட்டினேன் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. பாதி பெயிண்ட் வீடுகளில் மீந்தது, மீதியை இரண்டு உறுப்பினர்கள் வாங்கிக் கொடுத்தார்கள். சங்கத்திலிருந்து போனது டியூப்புக்கும் பிரஷுக்கும்தான். ரசீது இருக்கிறது.

கணக்கைப் பொருளாளர் படித்தார், பொதுக்குழு ஏற்றுக்கொண்டது. வரவும் செலவும் ஏறக்குறைய சமம், கையிருப்பு சொல்லும்படி இல்லை. மூன்றில் ஒரு பங்கு வீடுகள் சந்தா பாக்கி, சிலர் மூன்று வருடமாக. மாதம் நூறு ரூபாய். மழை நேரத்தில் இரவு இரண்டு மணிக்கு "சார், தண்ணி எங்க வரைக்கும் வந்திருக்கு?" என்று எனக்குப் போன் செய்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். நான் ஒவ்வொரு போனையும் எடுத்தேன், இனிமேலும் எடுப்பேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: செயற்குழுவினர், பொருளாளர், கூட்டத்துக்கு இடம் கொடுத்த கோயில் நிர்வாகம், துப்புரவுப் பணியாளர்கள், கொத்தனார், மீனவ அண்ணன், கதவைத் தட்ட வந்த ஆறு கல்லூரிப் பிள்ளைகள்.

அடுத்த வருடம் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். எனக்கு 68 வயது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை, டியூப்பை இழுத்துக்கொண்டு குனிந்து நிமிர முடியவில்லை. எந்தத் தெருவில் எந்த மூலையில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கும் நோயாளி இருக்கிறார், எந்த மேன்ஹோல் மூடி உடைந்திருக்கிறது, யார் வீட்டில் கயிறும் டியூபும் இருக்கின்றன, எல்லாம் ஒரே ஒரு நீள நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. பக்கத்து சங்கங்கள் அதில் பொதுவான பகுதிகளைக் கேட்கிறார்கள், கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் கம்ப்யூட்டரில் ஏற்ற எனக்குத் தெரியாது. 1070, 1077 என்ற பேரிடர் உதவி எண்களை ஒட்டி வைத்தால் மட்டும் போதாது, அந்த எண்ணுக்குப் போன் போகாத இரவில் தெருவை அறிந்த ஆள் வேண்டும். இரண்டு இளைஞர்கள் முன்வந்தால் நான் இன்னும் ஒரு வருடம் கூட இருந்து சொல்லிக் கொடுப்பேன். யாரும் வராவிட்டால் என் பெயரை மறுபடி முன்மொழிய வேண்டாம்.

ஜூன் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பிள்ளையார் கோயில் படியிலிருந்து அழிந்த 11 கோடுகளையும் மறுபடி அளக்கிறோம். டியூப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் தேவை. வரும்போது சந்தா பாக்கியையும் கொண்டு வாருங்கள், ரசீதுப் புத்தகம் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்