ஆண்டறிக்கை: நீராவி மர அறுவை ஆலைப் பாதுகாப்புப் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு விதிப்படி கூடியது. வளாகத்தில் புதர் வெட்டினோம். மாணவர்களுக்கான பார்வை நாள் நல்லபடியாக நடந்தது. கூரை ஒழுகிய இடங்களில் தகடு மாற்றியாயிற்று.

எஞ்சினையும் ரம்பங்களையும் கழற்றிக் காட்சிக்கூடத்தில் வைத்துவிட்டால் பராமரிப்புத் தொல்லை விடும் என்று உறுப்பினர்கள் சிலர் எழுதிக் கொடுத்தார்கள். நான் அதைக் கடுமையாக எதிர்த்தேன். காரணம் பதிவாக வேண்டும். நினைவுச்சின்னத்தை அது நிற்கும் இடத்திலிருந்து பிரிக்கலாகாது, மிக அவசியமானால் மட்டுமே விலக்கு என்கிறது நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆவணமான 1964 வெனிஸ் சாசனம். தொழில் மரபுக்கென்றே 2003-ல் வந்த நிஷ்னி தகில் சாசனமும் இருந்த இடத்திலேயே காப்பதற்குத்தான் முன்னுரிமை தருகிறது.

சாசனம் படிக்காதவர்கள் ஆலைக்கு வந்து பார்த்தாலே போதும். ரம்பம் அறுத்த தூளும் சக்கையும்தான் பாய்லருக்கு எரிபொருள். அதைத் தள்ளிவிடப் பாய்லர் அறைச் சுவரில் ஒரு திறப்பு உண்டு. அதன் கீழ்விளிம்புச் செங்கல் மண்வெட்டி உரசி உரசிக் குழிந்திருக்கிறது. எஞ்சினின் சுழற்சியை ரம்பங்களுக்குக் கொண்டுபோகத் தரைக்கடியில் ஓடும் தண்டான மெயின் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்குகளைத் திறந்தபோது, பெல்ட் இழுத்த பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. பெரிய வட்ட ரம்பத்துக்கு நேரே இருப்பதில்தான் தேய்மானம் அதிகம். எஞ்சினைப் பெயர்த்தால் அடித்தளத்தில் பதித்த போல்ட்டுகளை அறுக்க வேண்டும், ஷாஃப்ட்டோடு இருக்கும் நேர் போய்விடும். காட்சிக்கூடத்தில் தனியே நிற்கும் எஞ்சின் எதை ஓட்டியது என்று யாருக்குத் தெரியும்? செயற்குழு அந்த யோசனையைக் கைவிட்டது. அதில் எனக்கு முழு நிறைவு.

"இந்த வருடமே நீராவி ஏற்றலாம் என்றீர்களே" என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். பாய்லருக்குள் உப்புப் படிவு தட்டும் வேலை பாதியில் நிற்கிறது. அது முடிந்தால்தான் தகட்டின் கனத்தை அளக்க முடியும். பிறகு குளிர்ந்த நீரை நிரப்பி அழுத்தச் சோதனை. தண்ணீர் நீராவியானால் சாதாரண அழுத்தத்தில் ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். அரித்துப்போன தகட்டை நம்பி அடுப்பு மூட்ட நான் சம்மதிக்க மாட்டேன். ஆய்வாளரின் சான்று கைக்கு வர வேண்டும்.

வேலை ஏன் பாதியில் நிற்கிறது? ஆள் இல்லை. ஞாயிறுதோறும் வந்தவர்களே வந்தார்கள். இடமாற்ற யோசனையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரைக்கூடப் பாய்லர் அறையில் காணவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். சந்தா நிலுவைப் பட்டியலிலும் பெரும்பாலும் அதே பெயர்கள்தான். நினைவூட்டுக் கடிதம் போட்டோம், பதில் இல்லை. பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை.

சந்தாவும் நன்கொடையுமாக வந்ததில் பெரும்பகுதி கூரைக்கும், மிச்சம் எண்ணெய், கிரீஸ் வகைக்கும் போயிற்று. சிறு தொகை கையிருப்பில் உள்ளது. தணிக்கையான கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், தணிக்கையாளருக்கும், நன்கொடையாளர்களுக்கும் நன்றி. ஓய்வுபெற்ற ஃபிட்டர்கள் இருவருக்குத் தனி நன்றி. பேரிங் வேலை அவர்கள் கைவண்ணம்.

செயலாளர் பொறுப்பில் தொடரும்படி சிலர் கேட்கிறார்கள். பாய்லர் வேலைக்கு ஆளும், அழுத்தச் சோதனைக்குப் பணமும் சேர்ந்தால் தொடர எனக்குத் தடையில்லை. வேலைக்கு வரக்கூடியவர்களுக்காக வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். நிலுவை உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கலாம். ரசீது புத்தகம் கொண்டுவந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்