குறைமாதக் குழந்தைகளுக்குத் தொப்பி பின்னப்போகும் மகளுக்கு

சுங்கை சிப்புட், பேராக்

அன்பு மகளுக்கு,

நீயும் உன் ஆபீஸ் தோழிகளும் நவம்பர் 17, உலகக் குறைமாதக் குழந்தைகள் தினத்துக்கு ஆஸ்பத்திரிக்குத் தொப்பி பின்னிக் கொடுக்கப் போவது எனக்கு ரொம்பச் சந்தோஷம். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். நூல் வாங்கப் போவதற்கு முன்னால் இதை முழுசாகப் படித்துவிடு.

முதல் வேலை, வார்டுக்குப் போன் போட்டுக் கேட்பது. சில இடங்களில் பருத்தி நூல் மட்டும்தான் எடுப்பார்கள், சில இடங்களில் வெளித்துணியே வாங்க மாட்டார்கள். எந்த அளவு குறைவாக இருக்கிறது என்று சிஸ்டர்களுக்குத்தான் தெரியும். சட்டையை விடத் தொப்பிக்குத்தான் தேவை அதிகம். ரொம்பச் சின்னக் குழந்தை இன்குபேட்டரில் பெரும்பாலும் பேம்பர்ஸோடு மட்டும் கிடக்கும். மூச்சு விடுவதையும் தோலின் நிறத்தையும் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமே. மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கில் வைக்கும்போதும் உடுப்பைக் கழற்றிவிடுவார்கள். பிறந்த உடனே, பிறகு அம்மா நெஞ்சில் தோலோடு தோலாக வைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பில், கடைசியாகத் திறந்த கட்டிலுக்கு மாற்றும்போது, இந்த மூன்று நேரத்திலும் தொப்பி உதவும். மூக்கில் காற்றுக்குழாய் வைத்த குழந்தைக்கு அதைப் பிடித்து நிறுத்தும் தனித் தொப்பி உண்டு. அதை ஆஸ்பத்திரியே வைத்திருக்கும், நீ முயற்சி செய்ய வேண்டாம்.

இந்த வெயில் ஊரில் கம்பளித் தொப்பி எதற்கு என்று யாராவது கேட்பார்கள். குறைமாதக் குழந்தையின் தோல் மெல்லிசு. உடம்புக்குள் சூடு உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பு கடைசி மூன்று மாதத்தில்தான் நிறையச் சேரும். முன்னாடியே வந்த பிள்ளைக்கு அது கிடைக்கவில்லை. குளிரெடுத்தால் நடுங்கிச் சூடாக்கிக்கொள்ளவும் தெரியாது. உடம்போடு பார்த்தால் தலை பெரிசு, சூடு போவதும் அங்கேதான் அதிகம். 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் இருக்க வேண்டிய சூடு குறைந்தால், எடை கூடுவதற்கு வேண்டிய சக்தியை எல்லாம் குழந்தை சூட்டுக்கே செலவழித்துவிடும். வார்டில் ஏர்கோன் வேறு.

நூலுக்கு வருகிறேன். சாதாரணச் சுத்தக் கம்பளி வேண்டாம். ஆஸ்பத்திரி சலவையின் சூட்டில் சுருங்கித் தடித்துப் போகும். மெஷினில் துவைக்கலாம் என்று லேபிளில் போட்டிருக்கும் மெரினோ கம்பளி அல்லது மெல்லிய பருத்தி, 4 பிளை கனத்தில் வாங்கு. ரோமம் நீட்டிக்கொண்டிருக்கும் மோஹேர், அங்கோரா மூக்குக்குள் போகும், தொடாதே. பால் காட்டன் என்று விற்பதில் அக்ரிலிக் கலந்திருக்கலாம். ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டிப் பார்: பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாடையோடு சாம்பலாகும், கம்பளி என்றால் முடி கருகிய வாடை வரும், அக்ரிலிக் உருகிக் கறுப்பு உருண்டையாகக் கெட்டியாகும். அடர் ஊதா மாதிரி அடர் நிறம் வாங்கினால் ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பார். சாயம் இறங்கினால் வேண்டாம்.

இதைக் கட்டாயம் உன் தோழிகளிடம் சொல். அலமாரியில் அந்துருண்டையோடு கிடந்த பழைய நூலை யாரும் எடுத்து வரக்கூடாது. நம் மலேசியாவில் பிறக்கும் குழந்தைக்கெல்லாம் ஜி.6.பி.டி. குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி குறைவாக இருப்பது) உண்டா என்று தொப்புள்கொடி இரத்தத்தில் பார்க்கிறார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம்: அந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்துருண்டையின் நாப்தலீன் பட்டால் சிவப்பணுக்கள் உடைந்து காமாலை ஏறிவிடும், மூளையையே பாதிக்கலாம். துவைத்துவிட்டால் போச்சு என்று யாராவது சொன்னால் கேட்காதே. வாடை வந்தாலே அந்த நூல் தள்ளுபடி. சாம்பிராணிப் புகை, சிகரெட் வாடை, சோஃப்ட்னர் வாசனையும் ஆகாது. பின்னியதைச் சாமி மேடைப் பக்கம் காயப்போடாதே.

இனி அளவு. 28 வாரக் குழந்தையின் தலைச்சுற்று சுமார் 26 செ.மீ. தொப்பி அதைவிடச் சின்னதாக, 21 செ.மீ. சுற்றளவில் இருந்தால்தான் இழுபட்டுப் பிடிக்கும். 3 மி.மீ. ஊசியில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, 10 செ.மீ. அகலத்தில் 28 கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) வருகிறதா என்று எண்ணு. 26 தான் வந்தால் தொப்பி 23 செ.மீ. ஆகி, கண்ணுக்கும் மூக்குக்கும் இறங்கிவிடும், ஊசியைச் சிறிசாக்கு. 32 வந்தால் இறுக்கம், நெற்றியில் தடம் விழும்.

60 கண்ணியை ஒரு சைஸ் பெரிய ஊசியில் தளர்வாக ஏற்று. இருமுனை ஊசிகளுக்குப் பிரித்து வட்டமாக இணைக்கும்போது எங்கும் முறுக்கு விழாமல் பார்த்துக்கொள். முறுக்கு விழுந்தால் முதல் சுற்றிலேயே தெரியும், பிரித்துவிடு, பின்னால் சரியாகாது. 2 நிட் (நேர்க்கண்ணி), 2 பர்ல் (மறுபக்கக் கண்ணி) என்று 2 செ.மீ., பிறகு வெறும் நிட்டாகவே விளிம்பிலிருந்து 7 செ.மீ. வரும்வரை. அடுத்து உச்சி: 8 நிட், 2 கண்ணியைச் சேர்த்து ஒன்று, இப்படி 6 தடவை, ஒரு சுற்று குறைக்காமல், அடுத்ததில் 7 நிட், 2 சேர்த்து. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று குறைத்து 12 கண்ணிக்கு வந்ததும் நூலை அதற்குள் இரண்டு தடவை கோத்து இழுத்துக் கட்டு. 32 வாரத்துக்கு 72 கண்ணி, 8 செ.மீ., முதல் குறைப்பில் 10 நிட். 50 கிராம் உருண்டையில் குறைந்தது இரண்டு தொப்பி வரும்.

நேர் ஊசியில் பின்னித் தைத்தால் தொப்பியின் பின்பக்கம் ஒரு மேடு வரும். மணிக்கணக்கில் அதன்மேல் படுக்கும் குழந்தைக்குத் தோல் புண்ணாகும். அதனால்தான் வட்டமாகப் பின்னச் சொல்கிறேன். பொம்பொம், ரிபன், பொத்தான், ஓட்டை டிசைன் எதுவும் வேண்டாம். உள்பக்கம் தொங்கும் நூல் விரலைச் சுற்றினால் இரத்த ஓட்டமே நின்றுவிடும். கையுறையும் காலுறையும் வேண்டாம் என்பதும் இதனால்தான். நூல் முனையை மூன்று பக்கம் திருப்பிக் கோத்து, புரட்டிப் போட்டு விரலால் தடவிப் பார்.

முடித்ததும் வாசனையில்லாத சவர்க்காரத்தில் துவைத்து, நன்றாகக் காயவைத்து, ஒவ்வொன்றையும் தனிப் பிளாஸ்டிக் பையில் மூடி, வாரமும் சுற்றளவும் எழுது. வீட்டுக்குப் போன பிறகு தூங்கும்போது தொப்பி போடக்கூடாது என்று மலாயிலும் தமிழிலும் ஒரு சீட்டு வை. தொப்பியைக் கழற்றினால் சளி பிடிக்கும் என்று நம் வீட்டுப் பாட்டிமார் விடமாட்டார்கள். ஆனால் தூக்கத்தில் உடம்பு சூடேறினால் குழந்தைக்கு ஆபத்து, முகத்தில் சரிந்தால் மூச்சும் அடைபடும்.

வார்டில் என்ன அளவு கேட்டார்கள் என்று தெரிந்ததும் எனக்கு மெசேஜ் போடு. 3 மி.மீ. ஊசி வாங்காதே, என்னிடம் இருக்கும் இருமுனை ஊசி ஐந்தையும் போஸ் லாஜுவில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா