தறியை நிறுத்தியவருக்கும் மற்ற எல்லோருக்கும்

நகரி நெசவுத் தெருக்காரர்களுக்கும், புத்தூர், திருத்தணி பக்கத்திலிருந்து வந்து நின்றவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கூரை போன விஷயம் உங்களுக்குத் தெரியும், அதை மறுபடி எழுதப்போவதில்லை. பிள்ளைகள் யாருக்கும் அடிபடவில்லை, அது போதும். இன்று மார்ச் 18, புதன்கிழமை. நாளை உகாதி. பள்ளிக்கூடம் இப்போது தறிக்கொட்டகைத் திண்ணையில்தான் நடக்கிறது. அங்கேயே ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு பராபவ வருஷத்தை ஒருநாள் முன்னதாக வரவேற்றுவிட்டோம். கையில் வெல்லப் பிசுக்குகூடப் போகவில்லை, அதற்குள் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தார்ப்பாய் கொடுத்தவர்கள், நனைந்த புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் மின்விசிறிக்கு அடியில் காயவைத்த அம்மாக்கள், கழிப்பறையைத் திறந்துவிட்ட பக்கத்துத் தெலுங்குப் பள்ளி, சத்துணவுக்காரம்மா, கரும்பலகையைத் தோளில் சுமந்து வந்த பெரிய பையன்கள், எல்லோருக்கும் நன்றி. 1960 ஏப்ரல் 1-ல் மாநில எல்லை மாறியபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நகரியும் புத்தூரும் இங்கே ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. ஆனால் பாயும் நோட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்த சித்தி, பெரியம்மாக்களுக்கு அந்தக் கோடு எங்கே இருக்கிறதென்றே தெரியாது போலிருக்கிறது.

ஆனால் நான் எழுத வந்தது ஒருவரைப் பற்றி. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

திண்ணையைக் கொடுக்கும்போதே, தறி மட்டும் நிற்காது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நியாயம்தான், அது அவர்கள் சோறு. அந்தச் சத்தத்தில்தான் பாடம் நடக்கிறது. அதனால் பிள்ளைகள் எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்வார்கள், 'டீச்சர், ஒண்ணுக்கு' உட்பட.

மார்ச் பாதியிலிருந்து எங்கள் பக்கம் ஒருவேளைப் பள்ளி. அதனால் காலையிலேயே பச்சடி கரைத்தோம். புதுப்புளி, வெல்லம், மாங்காய், உப்பு, மிளகாய், தெருமுனை மரத்து வேப்பம்பூ. பூவைத் துப்பினவர்களும் உண்டு, இன்னொரு கரண்டி கேட்டவர்களும் உண்டு. அப்புறம் தெலுங்குப் பள்ளி டீச்சரம்மா பஞ்சாங்கத்தை விரித்தார். அவர் தெலுங்கில் படிக்க, நான் தமிழில் சொல்வதாக ஏற்பாடு. அவர் வாயைத் திறந்தபோது தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். அண்ணாந்து பார்த்தால் ஃபேன் சுற்றுகிறது.

தறி ஓட்டும் அண்ணா வாசலில் வந்து நின்று, லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொட்டகை அவருடையது இல்லை, கூலிக்கு ஓட்டுகிறவர். மீட்டர் கணக்கில்தான் கூலி. தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடா ஓடவில்லை என்றால் அவருக்குக் காசு இல்லை. அதோடு, ஓடுகிற தறியை நடுவில் நிறுத்தி மறுபடி ஓட்டினால் அந்த இடத்தில் துணியில் கோடு விழும். அந்தக் குறைக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் வீட்டுப் பிள்ளை யாரும் எங்கள் பள்ளியில் இல்லை. யாரும் போய்க் கேட்கவும் இல்லை. "படிச்சு முடிங்க டீச்சர், வருஷம் பொறக்கறது பசங்க காதுல விழட்டும்" என்றார், அவ்வளவுதான்.

சத்தம் நின்றது பிள்ளைகளுக்கு உறைக்கவே இல்லை. தெரு முழுக்கக் கேட்கும்படி "பராபவ!" என்று கத்தினார்கள். அண்ணாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

போன பராபவ 1966-ல் வந்தது. மாங்காய் சீவிக்கொடுத்த பாட்டி அந்த வருஷம் பிறந்தவர். "என் வருஷம் திரும்பி வந்துடுச்சு" என்றதும், உங்கள் பற்களும் திரும்பி வருமா என்று ஒரு குட்டி கேட்டது. இன்னொன்று அதைவிடக் கெட்டி. தெலுங்கு வருஷம் நிலாக் கணக்கில் நாளைக்கே பிறக்கிறது, நம் பராபவ சூரியக் கணக்கில் ஏப்ரல் 14-ல்தான் என்று சொன்னேனா, "அதுவரைக்கும் எங்க வீட்ல விசுவாவசு, பக்கத்து வீட்ல பராபவவா? அப்ப சுவத்துக்கு?" என்றாள். இதற்கு எந்தப் பஞ்சாங்கத்திலும் பதில் இல்லை. தறி நின்றிருந்ததால்தான் அந்தக் கேள்வி என் காதில் விழுந்தது. இத்தனை நாளில் இப்படி எத்தனை கேள்விகள் நாடாவோடு போயிருக்குமோ.

அவர் இழந்த கூலியைக் கொடுக்கப் பார்த்தோம், வாங்கவில்லை. பச்சடி மட்டும் வாங்கிக் குடித்தார், காரம் போதவில்லை என்றும் சொன்னார்.

ஏப்ரல் 14 அம்பேத்கர் ஜெயந்தி விடுமுறை. அதனால் தமிழ் வருஷப் பிறப்பை 13-ந் தேதி திங்கட்கிழமையே கொண்டாடுவதாக இருக்கிறோம். எல்லோரும் வாருங்கள். அண்ணா எட்டரை மணிக்கு டிபன் சாப்பிடத் தறியை விட்டு இறங்குவார். அந்த நேரத்துக்குள் முடித்துக்கொள்வோம். டிபனும் இந்த முறை எங்களுடையது, அதில் காரம் கொஞ்சம் கூட்டியே இருக்கும்.

இப்படிக்கு,
ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியை