முதலில் பரபக்கம் எழுதுங்கள்: தோழர்களுக்கும் வேதாந்த நண்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உலகம் முதலா (பொருள்முதல்வாதம்), மனம் முதலா (கருத்துமுதல்வாதம்) என்று நீங்கள் போடும் சண்டையை விடாமல் படிக்கிறவன் நான். சுவாரசியத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கிறது. தோழர் ஒருவர் "இது கருத்துமுதல்வாதம்" என்பார். அதோடு விசாரணையும் முடிந்தது, தீர்ப்பும் ஆயிற்று. எதிரே இருப்பவர் "குவாண்டம் இயற்பியலே அத்வைதத்தை நிரூபித்துவிட்டதே, தெரியாதா?" என்பார். அப்புறம் பேச என்ன இருக்கிறது?

வேதாந்த நண்பர்களே, நீங்கள் சான்று காட்டும் இரட்டைப் பிளவுச் சோதனையில் (நுண்துகள்களை இரண்டு பிளவுகள் வழியாகத் திரைக்கு அனுப்புவது) 'பார்ப்பது' என்பது யாரோ ஒருவர் கண்ணால் பார்ப்பது அல்ல. துகள் எந்தப் பிளவு வழியாகப் போனது என்ற தடயம் ஒரு கருவியில் பதிந்தாலே திரையில் அலைகள் கலப்பதுபோல் விழும் வரிகள், அதாவது குறுக்கீட்டுக் கோலம், அழிந்துவிடும், அறையில் ஆளே இல்லாவிட்டாலும். இதில் நனவுக்குப் பங்கு உண்டு என்று 1961-இல் எழுதிய இயற்பியலாளர் யூஜீன் விக்னரே பிற்காலத்தில் அந்தக் கருத்தைக் கைவிட்டார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளியுலகம் என்று தனியே ஒன்றில்லை, எல்லாம் அறிவின் தோற்றமே என்ற விஞ்ஞானவாத பௌத்தத்தைப் பிரம்மசூத்திர உரையில் மறுத்தவர் உங்கள் சங்கரர்தான். தூணைப் பார்க்கிறவன் தூணைத்தான் பார்க்கிறான், தன் அறிவைப் பார்ப்பதில்லை என்பது அவர் வாதம். அவரையே சாட்சிக்கு அழைத்து "எல்லாம் மனசுதான்" என்று எழுதுகிறீர்கள்!

தோழர்களே, தத்துவவாதி ஃபாயர்பாக் குறித்து மார்க்ஸ் எழுதிய 1845-ஆம் ஆண்டுக் குறிப்புகளில் முதலாவதை எடுத்துப் பாருங்கள். அதுவரை வந்த பொருள்முதல்வாதம் கவனிக்காமல் விட்ட செயலூக்கமான பக்கத்தை, அரூபமாகவேனும், வளர்த்தது கருத்துமுதல்வாதம்தான் என்று மார்க்ஸ் ஒப்புக்கொள்கிறார். எதிராளியிடம் கற்க என்ன இருக்கிறது என்று அவர் பார்த்தார். நீங்கள் முத்திரை குத்துவதோடு நிறுத்திக்கொள்கிறீர்கள்.

இது வெறும் வாய்ச்சண்டை என்றால் நான் மடல் எழுதியிருக்க மாட்டேன். சாலை விபத்தில் மூளை அடிபட்ட 23 வயதுப் பெண் ஒருவர். கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் எந்த அசைவும் இராது. உணர்வற்ற நிலை என்றுதான் மருத்துவர்கள் முடிவு செய்திருந்தார்கள். நரம்பியல் ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழுவினர் அவரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு, சொந்த வீட்டின் அறைகளுக்குள் நடந்து போவதாக. இரண்டு முறையும், நல்ல உடல்நிலையில் இருப்பவர்களின் மூளையில் எந்தெந்த இடங்கள் இயங்குமோ அதே இடங்கள் இவருக்கும் இயங்கின. 2006-இல் இது வெளியானபோது, அவருக்கு நனவு இருந்தது என்று இதை வைத்தே சொல்லிவிட முடியுமா என்று சில விஞ்ஞானிகள் மறுத்தார்கள். நியாயமான கேள்விதான். நாளை ஒரு செயற்கை நுண்ணறிவு "எனக்கு வலிக்கிறது" என்றால் இதே கேள்வி வரும். ஸ்கேன் செய்ய அங்கே மூளைகூட இருக்காது.

மனத்தைக் கணினியில் ஏற்றிச் சாவை வெல்லலாம் என்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 302 நரம்பணுக்கள் மட்டுமே கொண்ட ஒரு சிறு புழுவின் நரம்பு வரைபடம் 1986-இலேயே வந்துவிட்டது. அந்தப் புழுவின் முழு நடத்தையையே கணினியில் இன்னும் கொண்டுவர முடியவில்லை.

13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலை எப்படி அமைத்தார் என்று பாருங்கள். முதலில் பரபக்கம், அதாவது பிறர் தரப்பு; பிறகுதான் சுபக்கம், அதாவது தன் தரப்பு. உலகாயதன் (பொருள்முதல்வாதி), யோகாசாரன் (மேலே சொன்ன விஞ்ஞானவாத பௌத்தன்), மாயாவாதி (அத்வைதி) என 14 தரப்புகள். ஒவ்வொருவரின் கொள்கையையும் சொல்லிவிட்டுத்தான் மறுக்கிறார். நியாயமாகத்தான் சொன்னாரா என்று கேட்கலாம். உலகாயதர் எழுதியவற்றில் அநேகமாக எதுவும் மிஞ்சாததால் அவர்கள் தரப்பைச் சரிபார்ப்பது கஷ்டம். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை, எதிராளி எதிரிலேயே இருக்கிறார்.

எனவே ஒரு வேண்டுகோள். அந்தப் பெண்ணுக்கு நனவு இருந்ததா, இயந்திரத்துக்கு வருமா என்பதையே அடுத்த தலைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். வேதாந்தி என்ன சொல்வார் என்று தோழர்கள் எழுதட்டும். மார்க்ஸியர் என்ன சொல்வார் என்று வேதாந்த நண்பர்கள் எழுதட்டும். ஆளுக்கு இரண்டு பத்தி போதும். "ஆமாம், நாங்கள் சொல்வது இதுதான்" என்று எதிர்த்தரப்பு ஒப்புக்கொள்ளும்வரை திருத்தி எழுதுங்கள். மறுப்பு அதற்கப்புறம்.

அன்புடன்,
உங்கள் வாசகன்