பத்து வயதுப் பிள்ளை திடலோரம் உட்கார வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற பள்ளி விடுமுறையில், செபராங் பிறையில் நடந்த 10 வயதுக்குட்பட்டோர் காற்பந்துப் போட்டி ஒன்றுக்கு என் மகனை அழைத்துச் சென்றேன். காலை எட்டு மணிக்கே காலணி கட்டி ஆயத்தமாக நின்றவன், மதியம் வரை நடந்த நான்கு ஆட்டங்களில் மொத்தம் ஆறு நிமிடங்களே திடலில் இறங்கினான். திரும்பும் வழியில் அவன் அழவில்லை, "அம்மா, அடுத்த வாரமும் நான் வரணுமா?" என்று மட்டும் கேட்டான். அவனைப் போலவே மேலும் மூன்று பிள்ளைகள் ஓரமாக அமர்ந்திருந்தார்கள். பயிற்றுநரை மட்டும் குறை கூற எனக்கு மனமில்லை. கோப்பை வாங்கித் தராத பயிற்றுநரிடம் பிள்ளையை அனுப்பத் தயங்குபவர்கள் பெற்றோராகிய நாம்தாமே?

என் மகன் டிசம்பரில் பிறந்தவன். நம் மலேசியாவில் பள்ளி வகுப்புகள் பிறந்த ஆண்டைக் கொண்டே பிரிக்கப்படுவதாலும், போட்டிகளின் வயதுப் பிரிவுகளும் பெரும்பாலும் அதையே பின்பற்றுவதாலும், ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள். இந்த வயதில் பதினொரு மாத இடைவெளி உயரத்திலும் கால்வலுவிலும் கண்கூடாகத் தெரியும். மூத்தவன் திறமைசாலி என்று தேர்வாகிறான். தேர்வானதால் கூடுதல் பயிற்சியும் கூடுதல் ஆட்டமும் பெற்று உண்மையிலேயே திறமைசாலி ஆகிவிடுகிறான். இளையவனோ தனக்கு விளையாட்டு வராது என்று தானே முடிவுகட்டி விலகுகிறான். பல நாடுகளின் இளையோர் அணிகளில், வயதுக் கணக்கு தொடங்கும் மாதங்களில் பிறந்தவர்களே மிகுந்திருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. நாம் தேர்ந்தெடுப்பது திறமையையா, பிறந்த மாதத்தையா?

'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' என்னும் கொள்கை 2011இலேயே அறிவிக்கப்பட்டது. ஆயினும் ஆடும் போட்டி மாவட்டம், மாநிலம் என்று உயர உயர, பாடத்துக்கு வெளியேயான நடவடிக்கைகளுக்குத் தரப்படும் புறப்பாட மதிப்பெண்ணும் உயர்வதால், பள்ளியைப் பிரதிநிதிக்கும் சிலருக்கே பயிற்சி கிடைப்பதையும், மற்றவர்கள் கைதட்டும் கூட்டமாகிவிடுவதையும் நான் பார்த்து வருகிறேன்.

திடலோரத்தில் பெற்றோர் பலரும் நம் பினாங்கின் ஸ்குவாஷ் வீராங்கனை நிக்கோல் டேவிட்டை எடுத்துக்காட்டுவார்கள்: "ஐந்து வயதில் தொடங்கியதால்தானே எட்டு முறை உலக வெற்றியாளரானார்!" உண்மைதான். ஆனால் அவர் தம் அக்காள்மாரோடு சேர்ந்து ஆடத் தொடங்கியவர் என்பதை யாரும் சொல்வதில்லை. சிறுவயதில் தொடங்குவது வேறு, சிறுவயதிலேயே பிள்ளையைத் தகுதியில்லை என்று கழித்துவிடுவது வேறு.

நார்வே நாட்டின் விளையாட்டு அமைப்பு, சிறுவர் விளையாட்டுக்கென்று 1987இலேயே தனி விதிகளை வகுத்தது. அங்கே 11 வயதுக்கு முன் தரவரிசைப் பட்டியல் கிடையாது. 13 வயதுக்கு முன் தேசிய வெற்றியாளர் போட்டியும் கிடையாது. ஏறத்தாழ 55 லட்சம் மக்களே வாழும் அந்நாடு 2022ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்று முதலிடம் பெற்றது. பனி நாட்டுக்குப் பனி விளையாட்டு எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பிள்ளைகளை அவசரப்படுத்தாததால் அவர்கள் எதையும் இழந்துவிடவில்லை.

என் மகன் இப்போது போட்டிகளுக்குப் போவதில்லை. மாலை ஐந்தரைக்கு எங்கள் அடுக்குமாடியின் கீழே, பாதி காற்று இறங்கிய பந்தை வைத்து, ஏழு வயதுச் சிறுமி முதல் இடைநிலைப்பள்ளி அண்ணன்மார் வரை கலந்து ஆடும் கூட்டத்தில் அவனும் ஒருவன். அவனை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. மழை பெய்தால்தான் முகம் வாடுகிறான்.

போட்டி ஏற்பாட்டாளர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். 12 வயதுக்குட்பட்ட எந்தப் போட்டியிலும், பெயர் கொடுத்த ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் பாதி நேரமாவது ஆட வேண்டும் என்பதை விதிமுறையிலேயே எழுதுங்கள். வெறும் அறிவுரையாக விட்டால், முதல் கோல் விழுந்ததுமே அது மறந்துபோகும். பிள்ளைகள் அதிகமிருந்தால் அணிக்கு ஐவராகக் குறைத்து, திடலை இரண்டாகப் பிரியுங்கள். பந்து எல்லோர் காலுக்கும் வரும். மாணவர் எண்ணிக்கை குறைந்த தமிழ்ப்பள்ளிகளுக்கும் இம்முறையே பொருந்தும். அடுத்த ஆண்டுப் போட்டிகளுக்கான விதிமுறைகளை வகுக்கும்போது இதைச் சேர்க்க முன்வரும் சங்கம் எதுவாயினும், திடலில் கோடு போடுவதிலிருந்து தண்ணீர் கொடுப்பது வரை எந்த வேலைக்கும் நான் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
பட்டர்வொர்த், பினாங்கு